ரோஸ் சட்டையின் முதல் எதிரணி

பலேர்மோவில் வளர்ந்த ஒரு பெடியனிடம் போய், ரோஸ் என்பது பொம்பிளைப் பிள்ளைகளின் நிறம் என்று சொல்லிப் பாருங்கள். உங்களைப் பார்த்துச் சிரிப்பான். இங்கே துறைமுகத்தில் பெட்டி இறக்குகிறவர், கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் செய்கிறவர், சந்தையில் வாள்மீனைத் துண்டு போடுகிறவர் எல்லாரும் விளையாட்டு நாளில் ரோஸ் சட்டை போடுவார்கள். ரோசும் கறுப்பும். இத்தாலியனில் ரோசனேரோ. எங்கள் நகரத்து உதைபந்தாட்டக் கழகத்தின் நிறங்கள்.

எனக்கு ஏழு வயதில் அப்பா பல்லரோ சந்தையில் ஒரு ரோஸ் சட்டை வாங்கித் தந்தார். அசல் இல்லை. இரண்டு தடவை தோய்த்ததும் கறுப்புக் கோடு ரோசுக்குள் ஊறிவிட்டது. அது 2006. அந்தக் கோடையில் இத்தாலி உலகக் கிண்ணம் வென்றது. அந்த இத்தாலி அணியில் நான்கு பேர் பலேர்மோ வீரர்கள்: குரோசோ, பர்சால்யி, பரோனே, சக்கார்தோ. கடைசிப் பெனால்டியை அடித்தவரும் குரோசோதான். அன்றிரவு எங்கள் தெருவில் ஒரு கிழவி யன்னலுக்குள்ளால் சட்டி முழுக்கத் தண்ணீரை எங்கள் தலையில் ஊற்றி ஆசீர்வதித்தார். அன்றிலிருந்து நான் இந்தக் கழகத்தின் ஆள். அதுவரை ரோஸ் எனக்குப் பிடிக்காது.

இந்தச் சட்டைக்கு ஏன் இந்த நிறம், அதை முதன்முதலில் போட்டு யாரோடு விளையாடினார்கள் என்று தேடியபோது ஒரு விஷயம் கிடைத்தது. அதைத்தான் எழுதப்போகிறேன். கதை துறைமுகத்தில் தொடங்கி, நீங்கள் எதிர்பார்க்காத ஒரு மலையில் போய் முட்டும். உதைபந்தாட்டம் பிடிக்காதவர்களும் கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

பலேர்மோத் துறைமுகத்தைப் பார்க்காதவர்களுக்கு: பழைய படகுத்துறையின் பெயர் லா காலா. இப்போது அங்கே பணக்காரரின் பாய்மரப் படகுகள் நிற்கும். அதற்கு வடக்கே பெரிய துறைமுகம். நேபிள்சுக்கும் தூனிசுக்கும் போகும் கப்பல்கள், மாடிவீடு போல உயர்ந்த சுற்றுலாக் கப்பல்கள். எல்லாவற்றுக்கும் மேலே மொந்தே பெலெக்ரீனோ மலை. அந்த மலையில்தான் சாந்தா ரோசலியாவின் குகைக் கோயில் இருக்கிறது. 1624 இல் நகரத்தில் கொள்ளைநோய் பரவியபோது அந்த மலையில் கிடைத்த எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள், நோய் நின்றது என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. அந்த நோயும் தூனிசிலிருந்து வந்த ஒரு கப்பலில்தான் வந்தது என்பார்கள். நம்முடைய ஆக்கள், சைவரும் வேதக்காரரும், வெறுங்காலோடு அந்த மலை ஏறுவதைப் பார்த்து பலேர்மோக்காரர்களே அதிசயப்படுவார்கள். அதே மலையின் அடியில் மறுபக்கம் ரென்சோ பார்பெரா மைதானம். ஆக, கோயிலுக்கும் விளையாட்டுக்கும் எங்களுக்கு ஒரே மலைதான்.

அப்பா ரயிலில் வந்தவர். மெசீனா நீரிணையில் ரயில் பெட்டிகளையே கழற்றி ஒரு கப்பலுக்குள் ஏற்றுவார்கள். இரவில் நித்திரையால் எழும்பிப் பார்த்தபோது ரயிலுக்கு வெளியே இரும்புச் சுவர் இருந்ததாம். பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து அழுதாராம். இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்லுவார்.

இனிக் கழகம். 1900 நவம்பர் 1 இல் தொடங்கியது. தொடங்கியபோது அதன் பெயர் ஆங்கிலோ பனோர்மித்தன் அத்லெட்டிக் அண்ட் ஃபுட்போல் கிளப். பனோர்முஸ் என்பது பலேர்மோவின் பழைய பெயர். பெயரிலேயே விளங்குகிறது அல்லவா, அரைவாசி ஆங்கிலேயர் கழகம். இங்கிலாந்தில் படித்துவிட்டு அந்த விளையாட்டுப் பைத்தியத்தோடு திரும்பிய இஞ்ஞாசியோ மாயோ பகானோ என்ற பலேர்மோ இளைஞர்தான் தொடக்கியவர். முதல் தலைவர் இங்குள்ள பிரித்தானியத் துணைத்தூதர். கூடவே விட்டேக்கர் குடும்பம். மர்சாலா வைன் வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்து, சிசிலியிலேயே மாளிகை கட்டி வாழ்ந்த ஆங்கிலேயர் அவர்கள். அந்தக் குடும்பத்து யோசெப் விட்டேக்கர் பறவைகளை ஆராய்ந்தார், மோத்சியாத் தீவில் பழைய நகரம் ஒன்றைத் தோண்டினார், உதைபந்துக்கும் ஆதரவு கொடுத்தார். முதல் விளையாட்டு 1900 டிசம்பர் 30. ஆங்கிலேயர் அணி ஒன்றிடம் 5–0 தோல்வி. இன்றைக்கும் எங்கள் பின்வரிசையைப் பார்த்தால் அந்தப் பாரம்பரியம் கைவிடப்படவில்லை என்றே தோன்றும்.

இந்த நகரத்துக்காரர் இப்போது நெஞ்சில் பச்சை குத்திக்கொள்ளும் கழகம், வெளியிலிருந்து வந்து தங்கியவர்களும் வெளியே போய்த் திரும்பிய ஒருவரும் சேர்ந்து உருவாக்கியது. பள்ளியில் என்னிடம் ‘நீ உண்மையில் எந்த அணி?’ என்று கேட்டவர்களுக்கு அப்போதே இதைச் சொல்லியிருக்கலாம். அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் நிறம் சிவப்பும் நீலமும். கொன்தே ஜுசெப்பே ஐரோல்தி என்ற பிரபு 1905 இல் விட்டேக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். சிவப்பும் நீலமும் எல்லாரும் போடுகிற நிறம், நாங்கள் ரோசும் கறுப்பும் போடுவோம், ஒன்று இனிமைக்கு, மற்றது சோகத்துக்கு, ஒருநாள் மேலும் ஒருநாள் கீழுமாகப் போகிற எங்கள் அணிக்கு அதுதான் பொருத்தம் என்பது கடிதத்தின் சாரம். இதைவிட நேர்மையான காரணத்தோடு நிறம் தெரிந்தெடுத்த கழகம் வேறு உண்டா? மற்றவர்கள் சிங்கம், இரத்தம், வெற்றி என்று போவார்கள். எங்களுடையவர்கள் ‘இடைக்கிடை தோற்போம்’ என்று சட்டையிலேயே எழுதிவிட்டார்கள்.

1907 இல் கழகத்தின் பெயர் பலேர்மோ என்று மாறியது. நிறமும் மாறியது. ஆனால் நகரத்தில் ரோஸ் ஃபிளானல் துணி இல்லை. இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய மூன்று மாதம் காத்திருந்தார்கள். துணியும் கடல் கடந்துதான் வந்தது.

கடைசியில் சட்டைகள் வந்து, முதன்முதலாக ரோசும் கறுப்பும் போட்டு இறங்கினார்கள். எதிரே நின்ற அணி எரின் என்ற கப்பலின் அணி. பலேர்மோ 2–1 என்று வென்றது.

எரின் யாருடைய கப்பல் தெரியுமா? சேர் தோமஸ் லிப்டனுடையது. ஆம், அந்த லிப்டன்தான். உங்கள் வீட்டு அலுமாரியில் மஞ்சள் பெட்டி இருக்கிறதே, அவர்.

நான் அந்த வரியை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பிறகு அந்தக் கப்பலைப் பற்றித் தேடினேன். அது இன்னும் விசித்திரம். எரின் முதலில் எரின் இல்லை. 1896 இல் ஸ்கொட்லாந்தின் கிரீனொக்கில் கட்டப்பட்டபோது அதன் பெயர் எகூசா. ஃபவிஞ்ஞானாத் தீவின் பழைய பெயர் அது. கட்டச் சொன்னவர் இஞ்ஞாசியோ ஃப்ளோரியோ. பலேர்மோவின் ஃப்ளோரியோ குடும்பம் என்றால் அந்தக் காலத்தில் சூரை மீன், வைன், கப்பல் எல்லாம் அவர்கள் கையில். இன்றும் துறைமுகத்தில் இருக்கிற கப்பல் கட்டும் தளத்தை 1897 இல் தொடங்கியதும் அவர்கள்தான். அந்த உல்லாசக் கப்பலைக் கொஞ்ச காலத்திலேயே விற்றார்கள். 1898 இல் லிப்டன் வாங்கி, எரின் என்று பெயர் வைத்தார். எரின் என்றால் அயர்லாந்து. அவருடைய பெற்றோர் அங்கிருந்து கிளாஸ்கோவுக்குப் பிழைக்க வந்தவர்கள். அவரும் ஒரு குடியேறியவரின் பிள்ளை!

ஆக, பலேர்மோ முதலாளிக்காகக் கட்டிய கப்பல், தேயிலை முதலாளியின் கைக்குப் போய், மறுபடி பலேர்மோவுக்கு வந்து, அதன் ஆட்கள் எங்கள் ரோஸ் சட்டைக்கு முதல் எதிரணியாக நின்றார்கள். (முதலாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை அதை எடுத்துக்கொண்டு பழைய பெயரான எகூசாவையே திருப்பி வைத்தது. 1916 ஏப்ரலில் மால்ட்டாவுக்குப் பக்கத்தில் கண்ணிவெடியில் மோதி மூழ்கியது.)

லிப்டனுக்கு விளையாட்டில் பெரிய பைத்தியம். அமெரிக்காக் கிண்ணப் பாய்மரப் படகுப் போட்டியில் 1899 முதல் 1930 வரை ஐந்து தடவை போட்டியிட்டு ஐந்து தடவையும் தோற்றார். அவர் கொடுத்த கிண்ணத்துக்காக 1909 இலும் 1911 இலும் தூரினில் நடந்த போட்டியில், இங்கிலாந்தின் வெஸ்ட் ஓக்லண்ட் என்ற நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் அணி இரண்டு முறையும் வென்றது. உலகக் கிண்ணத்துக்கு முந்திய உலகக் கிண்ணம் என்று சிலர் அதைச் சொல்வார்கள். எங்களுக்கும் ஒன்று கொடுத்தார். பலேர்மோவுக்கும் நேபிள்சுக்கும் இடையில் 1909 முதல் 1915 வரை நடந்த லிப்டன் சவால் கிண்ணம். 1912 இல் நாங்கள் நேபிள்ஸ் அணிக்கு 6–0 அடித்தோம். நேபிள்ஸ் நண்பர்கள் இருந்தால் இந்த வரியைக் காட்டுங்கள்.

சரி, கிண்ணத்தையும் கப்பலையும் வாங்க அவருக்குக் காசு எங்கிருந்து வந்தது?

நியாயமாகச் சொல்ல வேண்டும்: முழுவதும் தேயிலைக் காசு இல்லை. கிளாஸ்கோவில் பன்றி இறைச்சியும் வெண்ணெயும் விற்ற மளிகைக் கடையில் தொடங்கிப் பிரித்தானியா எங்கும் கடை போட்டு, தேயிலைக்கு வரும் முன்னரே பணக்காரராகிவிட்டார். ஆனால் உலகம் அறிந்த லிப்டன் ஆனது 1890 க்குப் பிறகு. அந்த வருடம் இலங்கைக்குப் போனார். கோப்பிச் செடியை இலைநோய் அழித்து, தோட்டங்கள் மலிவாகக் கிடந்த காலம். அப்புத்தளைக்குப் பக்கத்தில் தம்பேத்தன்னை உட்படப் பல தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகர் இல்லாமல் தோட்டத்திலிருந்து நேரே உங்கள் கேத்தலுக்கு என்று விளம்பரம் செய்தார். தம்பேத்தன்னைக்கு மேலே உச்சியில் அவர் இருந்து தன் மலைகளைப் பார்த்த இடத்துக்கு லிப்டன் இருக்கை என்று பெயர். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிற இடம்.

விளம்பரத்தில் இடைத்தரகர் இல்லை. தோட்டத்துக்கும் கேத்தலுக்கும் நடுவில் கொழுந்து பறித்த கைகள் இருந்தன. திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் வந்தவர்கள். கங்காணி கூட்டிக்கொண்டு வருவார். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைவரை நடந்தார்கள். வழியிலேயே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் ஏராளமானவர் செத்தார்கள். வந்து சேர்ந்தவர்களுக்கு லயத்தில் ஒரு அறை. விடிய முன்னர் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். பயணத்துக்குக் கங்காணி கொடுத்த முன்பணம் சம்பளத்திலிருந்து கழியும். கடன் தீராமல் ஒருவர் தோட்டம் மாறுவது இலகு இல்லை. அந்தக் கடன் கணக்கு எழுதிய சீட்டுக்குத் துண்டு என்று பெயர். எரினில் அரசர்கள் விருந்துண்டார்கள். லயத்தில் துண்டு இருந்தது.

இந்த இடத்தில் நான் ஒரு வேலை செய்ய விரும்பினேன். ‘பாருங்கள், பலேர்மோவின் முதல் விளையாட்டிலேயே தமிழர் இருந்தோம்!’ என்று தலைப்புப் போட்டு, முகநூலில் எல்லாரும் பகிர்கிற மாதிரி ஒரு கட்டுரை. எழுதத் தொடங்கிவிட்டேன். நிறுத்தியது அம்மா.

என் அப்பா யாழ்ப்பாணம். அம்மா கிளிநொச்சி. இப்படித்தான் பலேர்மோவில் எல்லாருக்கும் சொல்லி வளர்ந்தோம். லிப்டன் கதையைச் சாப்பாட்டு மேசையில் நான் பெருமையாகச் சொன்னபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. பிறகு பாத்திரம் கழுவும்போது, ‘நான் பிறந்தது அப்புத்தளைப் பக்கம். லிப்டன் இல்லை, வேற கொம்பனித் தோட்டம். உன்ர அம்மம்மா கொழுந்து பறிச்சவ’ என்றார். 1977 கலவரத்துக்குப் பிறகு அவர்களுடைய குடும்பம் மலையிலிருந்து வன்னிக்கு ஓடி வந்தது. அம்மாவுக்கு அப்போது ஏழு வயது. வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய இடத்திலும் அவர்களை ‘இந்தியாக்காரர்’ என்றார்களாம். அப்படிச் சொன்னது சிங்களவர் இல்லை. கலியாணம் பேசியபோது அப்பாவின் ஆக்கள் ஒரு வருடம் கதைக்காமல் இருந்த காரணமும் எனக்கு இருபத்தைந்து வயதில்தான் தெரிந்தது.

ஆகவே ‘தமிழர் இருந்தோம்’ என்று நான் எழுதலாம், ஆனால் அந்த ‘ஓம்’ விகுதிக்குள் யாரை எப்போது சேர்த்தோம், எப்போது வெளியே விட்டோம் என்பதையும் எழுத வேண்டும். வரலாறு இதுதான்: 1948 இல், சுதந்திரம் கிடைத்த அதே வருடம், இலங்கைப் பாராளுமன்றம் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. தன் தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிரூபிக்க வேண்டும். லயத்தில் பிறந்தவருக்கு ஏது பிறப்புப் பதிவு? ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த வருடம் வாக்கும் போனது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 6 ஆசனங்கள் வென்றிருந்தது. 1952 இல் ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்துத் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் 1948 இலேயே அந்த அரசில் அமைச்சரானார். அதை ஏற்க மறுத்துப் பிரிந்த செல்வநாயகம் 1949 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இரண்டு பேரும் நம்முடைய ஆக்கள்தான். ஒருவரை மட்டும் நினைவில் வைத்திருக்க எங்களுக்கு உரிமை இல்லை. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டார்கள். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு முழுமையாக வழி பிறந்தது 2003 இல்.

‘பிறந்த இடத்தில் நான் யார்?’ என்ற கேள்வி உங்களுக்கும் பழக்கமாக இருக்கும். எனக்குப் பழக்கம். நான் பலேர்மோவில் பிறந்தேன். 18 வயதுவரை இத்தாலியப் பிரசை இல்லை. 1992 ஆம் ஆண்டின் 91 ஆம் இலக்கச் சட்டப்படி, வெளிநாட்டுப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பிள்ளை இடைவிடாமல் சட்டப்படி இங்கேயே வாழ்ந்திருந்தால், 18 முடிந்து ஒரு வருடத்துக்குள் போய்க் கேட்டால் குடியுரிமை கிடைக்கும். அந்த ஒரு வருடத்தைத் தவறவிடாதீர்கள், இதை வாசிக்கிற 17 வயதுக்காரர்கள் நாளைக்கே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பெரியவர்களுக்குத் தேவையான பத்து வருட வதிவை ஐந்தாகக் குறைக்கச் சொல்லி 2025 ஜூனில் நடந்த பொதுவாக்கெடுப்பு, போதிய பேர் வாக்களிக்க வராததால் செல்லாமல் போனது.

உதைபந்தாட்டத்திலும் இதே கதை. அண்ணா நன்றாக விளையாடுவான், இடது கால். 13 வயதில் ஒரு சின்னக் கழகத்தின் பயிற்சியாளருக்கு அவனைப் பிடித்துப்போனது. ஆனால் பதிவு என்று வந்ததும் சொஜோர்னோ அட்டை, அப்பாவின் வேலைப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அட்டை புதுப்பிக்கப் போயிருந்த மாதங்களில் பருவமே முடிந்துவிட்டது. அவன் திரும்பிப் போகவில்லை. 2016 இல் 12 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பத்து வயதுக்கு முன்பிருந்தே இங்கே சட்டப்படி வாழும் பிள்ளைகளை இத்தாலியப் பிள்ளைகளைப் போலவே விளையாட்டுக் கழகங்கள் பதியலாம். என் தம்பி அதன்படி பதிந்து விளையாடினான். தம்பிக்கு வலது காலும் இல்லை, இடது காலும் இல்லை. அது வேறு விஷயம்.

இப்போதைய அணியைப் பற்றி என் அபிப்பிராயம் என்ன என்று போனமுறை சிலர் கேட்டிருந்தீர்கள். முதலில் ஒன்று விளங்கிக்கொள்ளுங்கள்: சட்டப்படி இது ஒரு சின்னப்பிள்ளைக் கழகம். 2019 கோடையில் பழைய நிறுவனம் நிதி உத்தரவாதம் காட்ட முடியாமல் செரீ பியிலிருந்து நீக்கப்பட்டு முடிந்துபோனது. கவானி, பஸ்தோரே, திபாலா எல்லாம் விளையாடிய கழகம்! தாரியோ மிர்ரி என்ற பலேர்மோக்காரரின் கூட்டு புதிதாக ஒன்றைத் தொடங்கி, நான்காம் பிரிவான செரீ டியில் ஊர் அணிகளோடு விளையாடியது. அந்த நான்காம் பிரிவுக்கு பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பருவச் சீட்டு வாங்கினார்கள். அப்பாவும் நானும் அதில் இரண்டு. தம்பியை விட இளைய கழகம். ஆனால் சட்டையின் நிறம் 1907 இல் போட்ட அதே நிறம்தான்.

2022 ஜூன் 12 ஐ நான் மறக்கமாட்டேன். அன்றிரவு பதோவாவுக்கு எதிராக செரீ பிக்கு ஏறுவதற்கான இறுதி ஆட்டம். அதே நாள் மாநகரசபைத் தேர்தல். எனக்கு முதல் மாநகரசபை வாக்கு. காலையில் போனால், வாக்குச்சாவடித் தலைவர் வரவில்லை. எங்கள் சாவடி மட்டுமில்லை, நகரம் முழுக்கப் பல பத்துச் சாவடிகளில் தலைவர்கள் வராமல் விட்டார்கள். விளையாட்டுப் பார்க்கத்தான் என்று ஊரே சொன்னது, பத்திரிகைகள் திட்டின. நான் வரிசையில் நின்றேன். பக்கத்தில் அம்மா, சும்மா துணைக்கு. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இந்த நகரத்தின் வீடுகளைத் துடைத்தவர், வாக்கு இல்லை. அவருடைய தாய்க்கும் மலையில் நெடுங்காலம் வாக்கு இல்லை. வாக்கை நடத்தக் கடமைப்பட்டவர் ரோஸ் சட்டை மடித்து வைக்க வீட்டில் நிற்கிறார். எனக்கு அப்படிக் கோபம் வந்தது. இரவு ப்ரூனோரி பெனால்டி அடித்து 1–0 என்று வென்றபோது அந்தக் கோபத்தோடேயே கத்தினேன். இரண்டும் ஒரே நாளில் ஒரே ஆளுக்குள் இருக்க ஏலும். ரோசும் கறுப்பும் என்று அந்தப் பிரபு எழுதியது இதைத்தானோ என்னவோ.

அடுத்த மாதமே கழகத்தின் பெரும்பங்கை சிட்டி ஃபுட்போல் குழுமம் வாங்கியது. மன்செஸ்டர் சிட்டியை வைத்திருக்கிற, அபுதாபிப் பணத்தில் நிற்கிற குழுமம். பயிற்சித் திடல் வந்தது, நல்ல வீரர் வருகிறார்கள். ஆனாலும் பிளேஓஃபில் 2024 இல் வெனேசியாவிடமும் 2025 இல் யூவே ஸ்தபியாவிடமும் தோற்று, செரீ ஆ வாசலில் நின்றுகொண்டிருந்தோம். நண்பர்கள் ‘நாங்கள் இப்போது ஒரு கிளைக் கடை’ என்று புலம்புவார்கள். எனக்கு அந்தப் புலம்பல் முழுதாகப் பிடிக்கவில்லை. சொந்தக்காரர் தூரத்தில் இருப்பது இந்தத் துறைமுகத்துக்குப் புதிதா? நான் கேட்க நினைப்பது வேறு: அந்தத் தூரத்துச் சொந்தக்காரர் கணக்குப் புத்தகம் திறக்கும்போது, புல்லு வெட்டுகிறவரும் கதிரை துடைக்கிறவரும் அதில் எங்கே இருக்கிறார்கள்? 1990 உலகக் கிண்ணத்துக்காக இந்த மைதானத்தைத் திருத்தியபோது, 1989 ஆகஸ்டில் கூரைக் கட்டமைப்பு சரிந்து ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். மைதானத்துக்குப் போகிறவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? அங்கே அடுத்த கோடையில் நெதர்லாந்தும் அயர்லாந்தும் எகிப்தும் விளையாடியது எல்லாருக்கும் தெரியும்.

இந்தக் கட்டுரையை அம்மாவிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். கிளிநொச்சிக்கு முன்னால் அப்புத்தளை என்று எழுதலாமா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, ‘எழுது, இனி ஆர் என்ன சொல்லுறது’ என்றார். அப்பா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கவலை வேறு.

‘அப்ப அந்த முதல் மாட்ச்சில, கப்பல்காரற்ற பக்கம் நிண்டது தேயிலைக் காசு?’

‘ஓம் அப்பா.’

‘அப்ப பிள்ளை, கொம்மான்ர ஆக்கள் உழைச்ச காசுக்கு எதிராத்தானே நாங்கள் ரெண்டு கோல் அடிச்சிருக்கிறம்.’

அம்மா அடுப்படியிலிருந்து, ‘ஒண்டு நாங்களும் அடிச்சனாங்கள்’ என்றார்.